மாடியிலிருந்து தெரியாத தோட்டம்

கௌசல்யாவுக்கும் அபிநயாவுக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். பொன்னாடை, மாலை, குழுவாக ஒரு போட்டோ எல்லாம் முடிந்த பிறகு எழுத உட்காருவார்கள். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. இந்த மாதக் கடைசியோடு நம் நர்சரியை விட்டுப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்பதுதான். மாப்பிள்ளை இல்லை. விழுப்புரத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு நர்சரி. போர்டுகூட எழுதியாயிற்று. என் பெயர், அதற்குக் கீழே 'தோட்டக்கலை டிப்ளமோ'. பெயின்டர், "படிப்பெல்லாம் எதுக்கும்மா, நாலு பூ வரைஞ்சா அழகா இருக்கும்" என்றார். பூ வேண்டாம், படிப்பைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள் என்றேன்.

ஒலக்கூர் பக்கம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நிலத்தில் மல்லாட்டைக் கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். டிப்ளமோவில் சேர்ந்தேன் என்றபோது அம்மா சிரித்தார். "செடி நடறதுக்குக் காலேஜா? இங்க வா, நெலத்துல எத்தினி வேணா நடு. பீஸும் இல்ல." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதற்குப் பதில் சொல்வதற்காகவே நான் நன்றாகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை டீ குடிக்கும்போது நீங்கள் இருவரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்காம இருக்க மறைப்புக்குச் செடி கேட்டா எதக் குடுக்கறது?" பதில் சொல்வதற்குள் லோடு வண்டி வந்துவிட்டது. இனி இந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் திண்டிவனத்தில் வீட்டுக்குச் செடி என்றால் ரோஜா, குரோட்டன்ஸ், ஒரு முருங்கை. இப்போது எந்த நகரில் பார்த்தாலும் மனையை ஒட்டி மனை, மாடிக்கு எதிரே மாடி. நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரியும். அதனால் பத்துப் பேர் வந்தால் பாதிப் பேர் மறைப்புக்குத்தான் செடி கேட்கிறார்கள். சீக்கிரம் வளரணும், ஆனால் ரொம்ப வளரக் கூடாது. இலை கொட்டக் கூடாது. பூச்சி வரக் கூடாது. தண்ணீர் கேட்கக் கூடாது. அப்படி ஒரு செடி இருக்கிறது, பிளாஸ்டிக்கில் கிடைக்கும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். நீங்கள் சொல்லாதீர்கள்.

பெரும்பாலானவர்கள் செடியின் பெயரோடுதான் வருவார்கள். நெட்டிலிங்கம் கொடுங்கள், மூங்கில் கொடுங்கள் என்பார்கள். பெயரைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்துவிடும். நமக்கும் சுலபம். ஆனால் யாரை, யார் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும் என்பது செடியின் பெயரில் இருக்காது. அதை நான் கோட்டக்குப்பம் வீட்டில்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துபாயிலிருந்து போன் வந்தது. பேசியவர் பெயர் ஜாபர். ஊர் கோட்டக்குப்பம்.

"மேடம், எனக்கு நாப்பது கோனோகார்பஸ் வேணும். காம்பவுண்டு ஓரமா வரிசையா நட்டுக் குடுத்துடணும். இங்க ரோடு பூரா அதான் நிக்குது, செவுரு மாதிரி. எலிகூட அந்தாண்ட பாக்க முடியாது. ஜல்தியா செஞ்சு குடுங்க, காசு பத்திப் பிரச்சினை இல்ல."

கோனோகார்பஸை இப்போது நடக் கூடாது என்று அரசே சொல்லிவிட்டது. அன்று அந்தத் தடை வரவில்லை. நம் நர்சரியின் பின்வரிசையில் ஒரு பாத்தி நிறைய இருந்தது. ஆனால் அதன் வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகிற வேர் என்பதை நான் படித்திருந்தேன். வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்கள் வீடுகளில் அந்த மரத்தின் மேல் ஒரு தனி ஆசை உண்டு. பாலைவனத்தில் பச்சையாக நின்றதைப் பார்த்த கண்கள். நம் ஊரில் மழை பெய்யும், இங்கே வேறு செடிகள் பிழைக்கும் என்பது அவர்களுக்கு அப்போது தோன்றுவதில்லை.

"முதல்ல வந்து எடத்தப் பாக்கறேன் சார்" என்றேன்.

"பாக்கறதுக்கு இன்னாங்க இருக்குது? செவுரு இருக்குது, ஓரமா மண்ணு இருக்குது."

"வீட்டுல யாருக்காக இந்த மறைப்பு?"

"அம்மாவுக்கு" என்றார். "அத்தா மௌத்தாகி மூணு வாரம் ஆவுது. அம்மா இத்தாவுல இருக்காங்க."

கணவர் இறந்த பிறகு நாலு மாதமும் பத்து நாளும் மனைவி வீட்டை விட்டு வெளியே வராமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என்னோடு படித்த தோழியின் வீட்டில் பார்த்திருக்கிறேன். நான் போனை வைத்ததும் முதலாளி கேட்டார்.

"நாப்பது செடியா? பின்னாடி கெடக்குதே, ஏத்தி வுடேன். கேக்கறத குடுக்கறதுதாம்மா வியாபாரம்."

"நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேங்க."

"நீ போய்ப் பாக்கற எடத்துலலாம் நாப்பது செடி நாலு செடியா ஆவுது" என்றார். அதில் கோபம் பாதி, கிண்டல் பாதி.

மறுநாள் போனேன். ஜாபரின் மனைவி ரிஸ்வானா கதவைத் திறந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. "அக்கா, நீங்களா? தோட்டக்காரர் வருவார்னு நெனச்சு அம்மாவ உள் ரூமுக்கு அனுப்பி வச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என்னை நேராக உள்ளே கூட்டிப் போனாள்.

நம் தொழிலில் இடம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அன்று ஓர் ஆண் போயிருந்தால் வாசலோடு நின்று, துபாயில் இருக்கிற மகன் சொன்னதை வைத்து நாற்பது குழி தோண்டிவிட்டு வந்திருப்பார். யாருக்காக அந்த மறைப்போ அவரையே பார்த்துப் பேச என்னால் முடிந்தது. இன்றுவரை எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. உங்களுக்கும் இருக்கட்டும்.

ஜமீலா அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். வெள்ளைப் புடவை. நல்ல கனத்த குரல். நான் என்ன படித்தேன் என்று கேட்டார். சொன்னேன். "செடிக்கு ஒரு படிப்பா! நல்லா இருக்குதே" என்றார். எங்கள் அம்மா கேட்ட அதே கேள்விதான், ஆனால் இதில் கேலி இல்லை.

"தோட்டத்துல எங்கம்மா உக்காருவீங்க?" என்று கேட்டேன்.

"கொய்யா மரத்தடியில ஒரு கல்லு கெடக்குது பாரு. காலையில மீனு ஆயறது, தேங்கா திருவறது, சாயங்காலம் சும்மா காத்துல உக்காந்துக்கினு இருக்கறது, எல்லாம் அங்கதான். அவங்க கடைக்குப் போனா நான் அங்க. அவங்க திரும்பி வந்தா வாசல்ல செருப்ப வுடற சத்தம் அங்கேயே கேக்கும். இப்ப எங்க? பொழுது வெளுக்கறதுக்கு முன்னாடி போய் நின்னுட்டு வந்துடறேன். அதுக்கப்பறம் பூரா இந்த ரூமுதான்."

காரணம் பக்கத்து வீட்டு மாடி. அது அவர் கணவருடைய தம்பி முறையான ஹனீபாவின் வீடு. புதுச்சேரிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்குவதற்காக மாடியில் இரண்டு அறை கட்டி, முன்னால் பால்கனி வைத்திருந்தார். சனி, ஞாயிறு என்றால் வாரத்துக்கு ஒரு புது முகம். பால்கனியில் நின்றால் நேரே கொய்யா மரத்தடிதான் தெரியும்.

"போன வாரம் ஒரு பொண்ணு கைய ஆட்டுது, அக்கா" என்றாள் ரிஸ்வானா. "இவங்க தண்ணி மொண்டுக்கினு இருந்தாங்க. படக்குனு போட்டோ எடுத்துக்கிச்சு. வில்லேஜ் ஸோ கியூட்னு சொல்லுது. நம்ம கோட்டக்குப்பத்தப் பாத்து வில்லேஜாம்!"

"அத வுடுடீ" என்றார் ஜமீலா அம்மா. சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. ஆனா அன்னியோட நான் பகல்ல வெளிய வரத வுட்டுட்டேன். ஹனீபா வாசல்லயே நின்னு, அண்ணி, தகரம் அடிச்சுடறேன்னு சொன்னாரு. வேணாம்னேன். நாலு பக்கமும் தகரம் அடிச்சா அப்பறம் இந்த ரூமுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?"

பிறகு என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். "ஏம்மா, என் புள்ள சொல்ற மரம் எத்தினி நாள்ல வளரும்?"

"ஆளு ஒசரத்துக்கு வரவே ஆறு மாசத்துக்கு மேல ஆவும்மா."

"அதுக்குள்ள என் இத்தாவே முடிஞ்சிடுமே."

ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை மகன் கேட்டிருக்க வேண்டும், முதலாளி கேட்டிருக்க வேண்டும், நானும் முதல்நாளே கேட்டிருக்கலாம். செடி தெரிந்தவர்கள் எல்லோரும் எந்தச் செடி என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தேவை இன்றைக்கு, இந்தச் சாயங்காலத்துக்கு.

தோட்டத்துக்குப் போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வேறு மாதிரி தெரிந்தது. நின்று பார்த்தபோது பெரிதாக இருந்த மதில், உட்கார்ந்து பார்த்தபோது ஒன்றுமே இல்லை. அதற்கு மேலே பால்கனி மட்டும்தான். பிறகு ஹனீபாவிடம் கேட்டு அந்தப் பால்கனியில் ஏறி நின்றேன். ரிஸ்வானாவைக் கல்லின் மேல் உட்காரச் சொல்லி, கையில் நீளமான ஒரு சவுக்குக் கழியும் அதன் நுனியில் அவளுடைய துப்பட்டாவும் கொடுத்திருந்தேன்.

"செவுத்துப் பக்கமா நீட்டிப் புடி!"

பிடித்தாள். துப்பட்டாவுக்கு மேலே அவள் தலை, தோள், மடி எல்லாம் தெரிந்தது.

"இன்னும் ஒசத்து!"

"கழி அவ்ளோதான் அக்கா! ஏணி போட்டுத்தான் ஏறணும்!"

"சரி, உன் பக்கமா நவுத்து. இன்னும். இன்னும் கிட்ட."

"இதுக்கு மேல போனா என் மூக்குல இடிக்கும்!"

துப்பட்டாவுக்குப் பின்னால் அவள் மறைந்துபோனாள். குரல் மட்டும் வந்தது. "அக்கா? தெரியுதா?"

"தெரியல!"

எட்டாம் வகுப்பில் முக்கோணக் கணக்குப் போடும்போது இது வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று எல்லோரும் கேட்போம். எனக்கு அன்று அந்தப் பால்கனியில் உதவியது. கண் மேலேயிருந்து சாய்வாக வருகிறது. மதில் ஓரமாக மறைக்க வேண்டும் என்றால் பதினாலு அடிக்குச் செடி வேண்டும். உட்காருகிறவருக்கு நாலடி தள்ளி மறைத்தால் ஆறடி போதும். மகன் கேட்டது ஒரு மதில். அம்மாவுக்கு வேண்டியது ஒரு குடை அளவுக்கு மறைவு. காற்று மற்ற மூன்று பக்கமும் வந்து போகலாம், வானமும் தெரியும்.

ஹனீபா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "இங்க நின்னா எனக்கே வெக்கமா இருக்குதும்மா" என்றார். "ரூமை மூடவும் முடியல. அதுலதான் குடும்பம் ஓடுது. பெரிய பேஜாரு. அண்ணன் இருந்திருந்தா என்ன நாலு அறை அறைஞ்சிருப்பாரு. இப்ப அறையறதுக்கும் ஆளில்ல."

அந்த வாரமே வேலையை வைத்துக்கொண்டேன். ஆண்கள் யாரையும் கூட்டிப் போகவில்லை. நம் சரசு அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும்தான் வந்தார்கள். குழி தோண்டியதும், சவுக்குக் கழி நட்டதும், தென்னங்கீற்றுத் தட்டி கட்டியதும் அவர்கள்தான். கொய்யா மரத்தைச் சுற்றி, பால்கனி இருக்கிற பக்கமாக, அரைவட்டமாக ஆறரை அடி உயரத்துக்குத் தட்டி. அது இன்றைய மறைப்பு. தட்டியின் அடியில் நேரே பீர்க்கன் விதை. உப்புக்காற்று அடிக்கிற மணலில் எருவைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் பீர்க்கன் ஏமாற்றாது. இரண்டு மாதத்துக்குள் தட்டி முழுக்க இலையாகிவிடும். அது இத்தா முடிகிற வரைக்கும். அதற்கு வெளியே, கீற்று மக்கி பீர்க்கன் காய்ந்த பிறகு நிரந்தரமாக நிற்கப்போகிற வேலி. அதற்கு நான் தேர்ந்தெடுத்தது மருதாணி. மணலைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும், அதன் வேர் யார் வீட்டுக் குழாயையும் உடைக்காது.

மருதாணிக் கன்றுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது ரிஸ்வானா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, இது மருதாணியா?"

"ஆமா."

"அய்யோ. இத்தாவுல இருக்கறவங்க மருதாணி வச்சுக்கக் கூடாது அக்கா. பூ, சென்ட்டு, சுருமா ஒண்ணும் கூடாது. அவங்க கண்ணெதிரிலேயே கொண்டாந்து நடறீங்களே."

உப்பு, மணல், வேர் எல்லாம் யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை. "மாத்திடலாம். செம்பருத்தி வச்சுடறேன்" என்று கன்றுகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினேன். பின்வாசல் கதவின் மறைவிலிருந்து ஜமீலா அம்மாவின் குரல் வந்தது.

"அங்க இன்னாடி குசுகுசுன்னு?"

ரிஸ்வானா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வச்சுக்கறதுதான் கூடாது. வளக்கறது கூடாதுன்னு யாரு சொன்னது? நடும்மா நீ. அது எல பறிக்கற அளவுக்கு வளரறதுக்குள்ள என் இத்தா முடிஞ்சிடும்." பிறகு, "அவங்க சவூதியில இருந்தப்ப மருதாணி கோன் வாங்கியாருவாங்க, டஜன் கணக்குல. எல அரைச்சு வச்சுக்கற மாதிரி வராதுன்னு நான் சண்ட போடுவேன். செடி இப்பதான் வீடு தேடி வருது" என்றார்.

நட்டோம். மத்தியானத் தொழுகை முடிந்த நேரம். வாசலில் ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. நம் நர்சரி வண்டி. பின்னால் நாற்பது கோனோகார்பஸ், ஒவ்வொன்றும் இடுப்பு உயரம்.

"முதலாளி ஏத்தி வுட்டாரு" என்றார் டிரைவர் அண்ணன். "அந்தத் துபாய்க்காரரு நேரா அவருக்கே போன் பண்ணிட்டாராம். எறக்கட்டுமா? நான் இன்னும் மரக்காணம் போவணும்."

என் போன் அடித்தது. முதலாளி. "எறக்கிட்டு வாம்மா. தட்டி கட்டறதுக்கா உன்ன அனுப்பினேன்? நாம நர்சரி நடத்தறோமா, கீத்துக் கொட்டாய் போடறோமா?" அந்தப் போனை வைப்பதற்குள் ரிஸ்வானாவின் போனில் வீடியோவில் ஜாபர். அவள் பின்வாசலிலிருந்து தோட்டத்தைக் காட்டியிருக்கிறாள்.

"மேடம், இன்னாங்க இது, ஓலையா? நான் மார்பிள் போட்டு வீடு கட்டியிருக்கேன், நீங்க பின்னாடி கொட்டாய் கட்டி வச்சிருக்கீங்க. ஊருல பாக்கறவன் இன்னா சொல்லுவான்? அத்தாவ அடக்கம் பண்ணத போன்ல பாத்தேன் மேடம். லீவு கெடைக்கல. ஒரு பிடி மண்ணு போட முடியல. அம்மாவுக்கு இது ஒண்ணாவது ஒழுங்கா செய்யலாம்னு பாத்தா..."

கேட்டில் டிரைவர் அண்ணன் மறுபடியும் ஹாரன் அடித்தார். சரசு அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாய், வேர், செப்டிக் டேங்க் என்று நான் படித்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒரு பிடி மண் போட முடியாத மனிதரிடம் வேரைப் பற்றி வகுப்பெடுக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் எப்படியோ தோன்றியது. என் வேலையில் நான் நன்றாகச் செய்த காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டதைத்தான் சொல்வேன்.

"போனை வைக்காதீங்க சார். ரெண்டு நிமிஷம்" என்றேன். டிரைவர் அண்ணனிடம், "எறக்காதீங்க, இருங்க" என்றேன். பிறகு பின்கதவு அருகே போய், "அம்மா, ஒரு தடவ வந்து அந்தக் கல்லு மேல உக்காருங்க. வேலை செய்யற ஆளுங்க எல்லாம் பொம்பளைங்கதான்" என்றேன்.

"பகல்லயா?"

"பகல்லதான். சுவரை ஒட்டினாப்புல இப்படிச் சுத்தி வாங்க, யாரு கண்ணுலயும் பட மாட்டீங்க."

நான் அந்தப் போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடினேன். பால்கனியில் நின்று, கொய்யா மரத்தை நோக்கிப் போனைப் பிடித்தேன்.

"இங்கதான் சார் ரூமுக்கு வரவங்க நிப்பாங்க. உங்க அம்மா தெரியறாங்களா, பாருங்க."

அவர் பார்த்தார். "மரம் தெரியுது. ஓலை தெரியுது. அம்மா எங்க?"

"அங்கதான் இருக்காங்க."

"இல்லயே. தெரியலயே மேடம்."

தட்டிக்குப் பின்னாலிருந்து தேங்காய் திருவுகிற சத்தம் வர ஆரம்பித்தது. ரிஸ்வானா அரிவாள்மனையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். பிறகு அந்தக் கனத்த குரல், மேலே பார்த்து.

"ஜாபரு! சாப்டியாடா?"

போனில் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கூரை மட்டும் தெரிந்தது.

"சாப்டன்மா" என்றார்.

"பொய் சொல்லாத. குரல்லயே தெரியுது. போய்ச் சாப்புடு."

நான் போனை என் பக்கம் திருப்பியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வண்டிய அனுப்பிடுங்க மேடம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பிறகு, "அந்த ஓலை எத்தினி நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டார். அப்போதுதான் பீர்க்கனையும் மருதாணியையும் பற்றிச் சொன்னேன். அப்போது அவருக்குக் காது இருந்தது.

நாற்பது செடியும் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தன. முதலாளி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அந்தத் தட்டி எங்க வாங்கின?" என்று கேட்டார். இப்போது நம் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற கீற்றுத் தட்டிகளின் கதை இதுதான். நீங்கள் கேட்டால், அது தன்னுடைய யோசனை என்று சொல்வார். சொல்லட்டும், விட்டுவிடுங்கள்.

இந்த நர்சரியை நினைத்தால் என்னவெல்லாமோ ஞாபகம் வருகிறது. காலையில் ஒலக்கூரிலிருந்து வருகிற பஸ், இறங்கியதும் அடிக்கிற ஈர எருவின் வாசனை, சரசு அக்கா தன் சோற்றுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஊறுகாய், முதல் மாதம் என் பெயர் போட்ட கார்டு வந்தபோது அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டச் சொன்ன அம்மா. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று தெரியவில்லை. மருதாணிக் கன்று இரண்டு எடுத்துக்கொள்கிறேன். முதலாளியிடம் சொல்லியாயிற்று.

மறைப்புக்கு எந்தச் செடி என்று கேட்டீர்களே, நான் இன்னும் செடியின் பெயரைச் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். ஜமீலா அம்மா வீட்டுக்கு மருதாணி. அடுத்த வீட்டுக்கு அது சரிப்படாமல் போகலாம். போய் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் எதிர் மாடியில் ஏறி நின்றும் பாருங்கள். போனில் கேட்கிறவரைவிட, அந்த இடத்தில் உட்காரப் போகிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். இன்றைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று தனித்தனியாக யோசியுங்கள். செடியால் இன்றைக்கு முடியாது என்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் நம் படிப்புக்கு ஒரு குறைவும் இல்லை.

போன வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளக் கோட்டக்குப்பம் வழியாகப் போனேன். முதலில் ஹனீபா வீட்டு மாடிக்குத்தான் ஏறினேன், பழக்க தோஷம். ஜாபர் போன வருஷம் லீவில் வந்து, அத்தாவின் அடக்கத்தலத்துக்குப் போய்விட்டு, அன்றைக்கே வேலியை வெட்டிச் சீராக்கினாராம். தட்டி எப்போதோ மக்கிப் போய்விட்டது. பீர்க்கன் அந்த முதல் வருஷத்தோடு சரி. இப்போது கொய்யா மரத்தடியில் தலைக்கு மேல் உயரமாக மருதாணி, அரைவட்டமாக, பூவும் காயுமாக நிற்கிறது. பால்கனியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் காபி குடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கண்ணுக்கு அது வெறும் பச்சை.

"அம்மா!" என்று கூப்பிட்டேன்.

தேங்காய் திருவுகிற சத்தம் நின்றது. "யாரு, செடிப் பொண்ணா? எங்க நிக்கற, மாடியிலயா?"

"ஆமாம்மா."

"தெரியறனா?"

"தெரியலம்மா!"

"அப்ப சரி. நில்லு, வந்துடாத, நல்லா பாத்துக்கோ" என்றார். இலைகளுக்கு மேலே ஒரு கை மட்டும் உயர்ந்து, என்னைப் பார்த்து ஆடியது. பெருநாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஐந்து விரல் நுனிகளும் நன்றாகச் சிவந்திருந்தன.